பழியைக் கடல்மேல் போடாதீர்கள்

கடல் ஏறுகிறதாம். ஏறினால் அலையாத்திக் காடு மூழ்குமாம். காடு மூழ்கினால் அதன் சேற்றில் நூற்றுக்கணக்கான வருஷமாக அடைந்து கிடக்கும் கார்பன் கரைந்தும் ஆவியாகியும் வெளியே போய்விடுமாம். பூமி இன்னும் சூடாகுமாம். எண்ணூர்க் கழிக்கரைக்கு வந்து இதையெல்லாம் எங்களுக்கு எடுத்துச் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பாதிப் பேர் எங்கள் பிள்ளைகள் வயசு. மண்ணெடுக்கக் குழாய் இறக்கும்போது இடுப்பளவு புதைந்துபோய், எங்கள் பெண்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்கள். கோபமெல்லாம் அவர்கள் எழுதிக்கொண்டு போகும் வாக்கியத்தின்மேல்தான்: "கடல்மட்ட உயர்வால் அழியும் கடலோர வாழிடங்கள்." அந்த வாக்கியத்தில் குற்றவாளி ஒருத்தர்தான். வாய்தா வாங்காத, வக்கீல் வைக்காத, மறுப்பு அறிக்கை கொடுக்காத கடல்.

கடலுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து இந்தக் கழியைத் தின்று ஏப்பம் விட்டவர்கள் பெயர் ஏன் அதில் இல்லை?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடல் ஏறுவதால் மட்டும் கண்டல், அதாவது அலையாத்தி, செத்துப்போவதில்லை. மீன்பிடிக்கிறவன் திமிரில் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆராய்ச்சிக்காரர்களே சொல்கிறார்கள். ஏத்தத்தில் கலங்கலாக உள்ளே வரும் தண்ணீர், கண்டலின் மூச்சு வேர்களுக்கு நடுவே புகுந்ததும் வேகம் குறைகிறது. தூக்கி வந்த வண்டலை அங்கேயே இறக்கிப் போட்டுவிட்டு வத்தத்தில் தெளிவாகத் திரும்புகிறது. மேலே இலை உதிர்கிறது. கீழே பழைய வேர் செத்து, புது வேர் இறங்குகிறது. உப்புத் தண்ணீர் ஊறிய சேற்றுக்குள் காற்றுப் போகாது என்பதால், காட்டுத் தரையில் மக்குகிற வேகத்தில் அந்த இலையும் வேரும் மக்குவதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து தரை உயர்கிறது. 2011-இல் இந்தோ-பசிபிக் கரையோரம் 25 அலையாத்திக் காடுகளை அளந்தவர்கள் ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கார்பன் என்று கணக்குக் கொடுத்தார்கள். வெப்பமண்டல மழைக்காடுகூட அதற்குப் பக்கத்தில் வராது. அதில் பெரும்பங்கு மரத்தில் இல்லை. நாம் மிதித்தால் நாறுகிறதே, அந்தக் கறுப்புச் சேற்றில்தான் இருக்கிறது.

கடல் மெல்ல ஏறினால் இந்தச் சேறும் கூடவே ஏறும். ஏறுகிற தண்ணீர் அதிக நேரம் நிற்கும், அதிக வண்டலைப் போடும், வேருக்குப் புது இடம் கொடுக்கும். 2019-இல் ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிலீ ராஜர்ஸும் கூட்டாளிகளும் ஆறு கண்டங்களின் உவர்ச் சதுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடந்த சில ஆயிரம் வருஷங்களில் கடல் ஏறிக்கொண்டே வந்த கரைகளின் மேல்மண்ணில், கடல் அசையாமல் நின்ற கரைகளைவிடக் கிட்டத்தட்ட இரண்டிலிருந்து நான்கு மடங்கு கார்பன் இருந்தது. அதே நாட்டில் லேக் மக்குவாரி என்ற ஏரியின் ஓரத்தில், அடியிலிருந்த நிலக்கரிச் சுரங்கம் இடிந்து தரை இறங்கியது. கடல் திடீரென்று உயர்ந்ததற்குச் சமம் அது. அங்கே என்ன நடந்தது? சேறு கார்பனை முன்னைவிடப் பல மடங்கு வேகமாகப் பிடித்துச் சேர்த்தது. நிலக்கரி செய்த கேட்டைச் சேறு தன்னால் முடிந்தவரை சரிக்கட்டப் பார்த்தது என்று படித்தபோது எனக்கு எண்ணூர்தான் ஞாபகம் வந்தது.

எல்லைக்கோடு இல்லாமல் இல்லை. 2020-இல் நீல் செயின்டிலன் குழுவினர் பத்தாயிரம் வருஷத்துப் பழைய சேற்றைப் படித்து ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் ஏற ஆரம்பித்தால் அலையாத்தியால் ஈடுகொடுக்க முடியாமல் போகும் வாய்ப்பே மிக அதிகம். 2006 முதல் 2018 வரை உலகச் சராசரி ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். வேகம் கூடிக்கொண்டே போகிறது. நாளைக்கு ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் நேற்றைக்கு? பெங்களூரின் சி-ஸ்டெப் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 1987-லிருந்து 2021 வரை சென்னையில் கடல்மட்டம் உயர்ந்தது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே காலத்தில் மும்பையில் 4.4 சென்டிமீட்டர். 2040-க்குள் சென்னை நிலத்தில் 5 முதல் 10 விழுக்காடுவரை மூழ்கலாம் என்று எச்சரிப்பதும் அதே அறிக்கைதான். முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் சுண்டுவிரல் அகலம்கூட ஏறாத கடல், அதே முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் எண்ணூர்க் கழியைக் காணாமல் அடித்ததா? எந்த நீதிமன்றத்தில் நிற்கும் இந்தக் குற்றச்சாட்டு?

கழியை எடுத்தது லாரி. பொக்லைன். தூர்வாரும் கப்பலின் குழாய்.

1996-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தில் எண்ணூர்க் கழி சுமார் 6,500 ஏக்கர். கட்டடம் எழுப்பக் கூடாத பகுதி என்று குறித்திருந்தது. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது நீட்டப்பட்ட இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழியே இல்லை. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம், பக்கிங்காம் கால்வாய் வந்து கலக்கும் இடம், நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடு பிரித்து வலை போட்ட தண்ணீர் எல்லாம் காகிதத்தில் காய்ந்த மேடாகிவிட்டது. கடல் ஏறி நிலம் மூழ்குவதைத்தான் உலகம் கேள்விப்பட்டிருக்கிறது. எழுதுகோல் ஏறித் தண்ணீர் மூழ்கியது எங்கள் ஊரில்தான்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா எங்கள் கழியில் நின்று புறம்போக்குப் பாட்டுப் பாடினார், கமல்ஹாசன் வந்து பார்த்தார், டி.வி. வேன்கள் வரிசைகட்டின. பாட்டை எல்லோரும் கேட்டார்கள். அனல்மின் நிலையம் கழியில் கொட்டிய சாம்பல் இருந்த இடத்திலேயே இருந்தது.

யார் வந்தார்கள் என்று ஊரில் கேட்டால் காட்டுக்குப்பத்துச் சின்னப் பையன்கூட விரல் மடக்குவான். 1990-களில் வட சென்னை அனல்மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். அடுத்து வல்லூரில் 1,500 மெகாவாட். கூடவே காட்டுப்பள்ளித் துறைமுகம். இவற்றுக்கு நிலக்கரி கொண்டுபோகக் கன்வேயர், எண்ணெய் தேக்கிவைக்க முனையம், லாரி போகச் சாலை, சாலைக்குப் பாலம், பாலத்துக்கு அடியில் கொட்டி எடுக்காமல் விட்ட மண். முன்னால் வந்தவர் ரோடு போட்டால், அடுத்து வருகிறவர் "இங்கேதான் ரோடு இருக்கிறதே, இது எப்படி நீர்நிலை ஆகும்?" என்பார். 330 ஏக்கரில் இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கு மேல் விரிப்பதாக ஒரு திட்டம் வேறு காகிதத்தில் காத்திருக்கிறது.

கார்பன் விஷயத்துக்கும் இந்த நில விஷயத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இரண்டும் வேறில்லை. கடல் ஏறும்போது கண்டல் என்ன செய்யும்? முன்வரிசை தண்ணீரில் தவிக்கும், பின்வரிசை கரைப்பக்கம் விதை போடும். ஒரு தலைமுறை மரம் சாகிற நேரத்தில் அடுத்த தலைமுறை நூறு அடி உள்ளே தள்ளி முளைத்திருக்கும். காடு நடக்கும். நடந்து வந்து நிற்க உள்ளே வெற்றிடம் வேண்டும். வருஷத்தில் சில நாள் மட்டும் ஏத்தம் எட்டிப் பார்க்கிற சேற்றுவெளி, உமரி முளைக்கிற உவர்த் தரை, கைவிட்ட உப்பளம் ஆகியவைதான் அந்த இடம். அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் பரந்து கிடந்த உப்பளங்களும் சேற்றுவெளியும் கண்டலின் நாளைய வீடு. மரம் இல்லை, பயிர் இல்லை, எனவே "காலி இடம்" என்று எழுதினார்கள். ஊரில் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்று தனியாக விட்டுவைத்த மனையை, 'யாரும் குடியில்லையே' என்று ஒருவன் வளைத்துப் போட்டால் விடுவீர்களா? எங்களிடம் அதைத்தான் செய்தார்கள். மரத்தை வெட்டினால் கேஸ். மரம் நாளைக்கு வரவேண்டிய மண்ணில் சாம்பல் குளம் கட்டினால் வளர்ச்சி.

இப்போது கண்டலுக்கு முன்னால் கடல், பின்னால் சாம்பல் குளத்தின் கரை. நடுவில் கிடைத்த துண்டில் நிற்கிறது. இதைக் கடலின் கொடுமை என்று எழுதினால் எனக்கு வயிறு எரியாதா?

இடம் போனது ஒன்று. மண் போனது இன்னொன்று. சேறு ஏற வண்டல் வேண்டும் என்றேனே, அது எங்கிருந்து வரும்? கொசஸ்தலை கொண்டுவர வேண்டும். 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது, சென்னைக்குக் குடிதண்ணீர். வேண்டாம் என்று சொல்லவில்லை, நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம். தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகள் மேலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டன. பிறகு மணல் அள்ளினார்கள். பெருவெள்ளம் வந்தால்தான் ஆறு எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கிறது. அதையும் ஊர் முழுக்க வெள்ளமென்று பயந்து ஓடுகிற நாளில்தான் பார்க்கிறோம்.

வண்டல் வரவேண்டிய கழியில் வந்து சேர்ந்ததோ சாம்பல். அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளுகிறார்கள். குழாய் விரிசல் விட்டு, வருஷக்கணக்கில் கழியிலேயே கொட்டியது. கழியின் தரை உயர்ந்திருக்கிறது, உண்மைதான். கடல் ஏறுகிற வேகத்தைவிட அதிகமாகவே உயர்ந்திருக்கிறது. சேற்றால் இல்லை, சாம்பலால். கைவிட்டுப் பாருங்கள், சிமென்ட் மாதிரி இறுகும். நண்டு வளை தோண்டாது. மஞ்ச மட்டி உட்காராது. இறால் ஒதுங்காது. கண்டலின் விதை விழுந்தால் பிடிப்பதற்கு வழியில்லை. வேரும் இலையும் படிந்து கார்பனாக வேண்டிய இடத்தில், ஏற்கெனவே எரித்து முடித்த கார்பனின் மிச்சம் படிந்து கிடக்கிறது. சாம்பல் போதாதென்று இப்போது காக்கா ஆழி வேறு. வெளிநாட்டுக் கடலிலிருந்து வந்த சிப்பி, தரையெல்லாம் பாய்விரித்த மாதிரி மூடிக்கொண்டு, எங்கள் மட்டியை மூச்சுமுட்ட வைக்கிறது. கப்பல் அடியில் ஒட்டிக்கொண்டோ கப்பல் கொட்டும் தண்ணீரிலோ வந்திருக்கலாம் என்கிறார்கள். அதையும் 'இயற்கை மாற்றம்' என்ற தலைப்பில் சேர்த்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

எண்ணெயைச் சொல்லாமல் விட முடியாது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி விடிவதற்கு முன்னால் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சின்னக் கசிவுதான் என்றார்கள். பிறகு எங்கள் பையன்கள் வாளியிலும் கையிலும் அள்ளி அள்ளிக் கொட்டியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து கழிக்குள் புகுந்தது. கண்டலின் இலை, தண்டு, மூச்சு வேர் எல்லாம் ஆள் உயரத்துக்குத் தார் பூசினது போல. மூச்சு வேரில் எண்ணெய் அப்பினால் மரம் எப்படி மூச்சுவிடும்? அதே மாசம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். மீனவக் குடும்பத்துக்கு எண்ணெய் நிவாரணம் 12,500 ரூபாய். கண்டலுக்கு நிவாரணம் கிடையாது. அதற்கு ஆதார் அட்டை இல்லை.

கடல்மேல் பழி போடுவது நேற்று ஆரம்பித்ததில்லை. எங்களுக்குத் தெற்கே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் போய்க் கேளுங்கள். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் போட ஆரம்பித்தார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கல் அதை மறித்தது. தெற்கே தேங்கிய மணல்தான் இன்றைக்குச் சுண்டல் விற்கும் மெரினா. வடக்கே மணல் கிடைக்காமல் கரை பிய்ந்தது. 1876-லிருந்து 1975-க்குள் சுமார் 500 மீட்டர் உள்ளே வந்துவிட்டது கடல். தெருக்கள் போயின, கோயில்கள் போயின, வலை காயப்போட்ட மணல்வெளி போயிற்று. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் "கடல் அரிப்பு". அரித்தது கடல்தானாம். கல் போட்டவர்கள் எங்கேயும் இல்லை. பிறகு அரிப்பைத் தடுக்க இன்னும் கல் கொட்டினார்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை எக்ஸ்பிரஸ் சாலை ஓரமாக நீங்கள் பார்க்கிற கருங்கல் குவியல் அதுதான். அதில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு ஒவ்வொன்றும் தனக்குத் தெற்கே கொஞ்சம் மணலைச் சேர்த்து, வடக்கே இருக்கிற குப்பத்துக்குப் பங்கம் வைத்தது. எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தபிறகு அதே கதை பழவேற்காட்டுப் பக்கம் போய்விட்டது. கடலுக்கும் கொசஸ்தலைக்கும் நடுவே மெல்லிசாக நிற்கிறது காட்டுப்பள்ளி மணல் தீவு. அது பிய்ந்தால் உள்ளே இருக்கிற கழி, கண்டல், சேறு எல்லாவற்றையும் அலை நேராக வந்து அடிக்கும். அன்றைக்கும் யாரோ ஒருவர் மைக்கில், "காலநிலை மாற்றத்தின் விளைவாக…" என்று ஆரம்பிப்பார்.

காலநிலை மாற்றம் பொய் என்று நான் சொல்வதாக எழுதிவிடாதீர்கள். அதன் சமையற்கட்டிலேயே குடியிருக்கிறோம். ஒரு கணக்குப் போடுவோம். வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட். வல்லூர் 1,500. 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் கட்டம் 800. மொத்தம் 4,130. நிலக்கரியில் ஒரு மெகாவாட் மணி மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு போகும். எல்லா அலகுகளும் முழுமூச்சில் ஓடினால் மணிக்குச் சுமார் 4,000 டன். இப்போது அந்த 1,023 டன் கார்பனை வாயுக் கணக்குக்கு மாற்றினால் சுமார் 3,750 டன் வருகிறது. அதாவது, இந்தோ-பசிபிக்கின் செழிப்பான அலையாத்திக் காடு ஒரு ஹெக்டேரில் நூறு நூறு வருஷமாகச் சேர்த்ததை, எங்கள் கழியைச் சுற்றி நிற்கும் புகைபோக்கிகள் ஒரு மணி நேரத்தில் ஊதிவிடும். எங்கள் கழியின் சேறு அவ்வளவு கெட்டியும் இல்லை. அப்படியானால் இன்னும் சீக்கிரம்.

இந்தக் கணக்கைப் போட்டபிறகு எனக்கு ஒன்று உறைத்தது. கண்டலைக் காப்பாற்றினால் புகை சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அவர் எங்களை ஏமாற்றுகிறார், அல்லது தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். தமிழ்நாடு முழுவதும் இருக்கிற அலையாத்தியே 2021 வன அறிக்கைப்படி சுமார் 45 சதுர கிலோமீட்டர்தான். சேற்றை அடைத்துவிட்டு, அடைத்த இடத்தில் நிலக்கரியை எரித்துவிட்டு, மிச்சத் துண்டில் பத்தாயிரம் கன்று நட்டுக் கணக்கை நேர்செய்யும் வித்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ! நாங்கள் சேற்றைக் கேட்பது உலகத்தைக் காப்பாற்ற இல்லை. இறால் வேண்டும். மடவை வேண்டும். பறியை வாயில் கவ்விக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் தடவித் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு, அரைப்பறியாவது நிறைய வேண்டும். கார்பன் அந்தச் சேற்றில் தானாகத் தங்கும். எங்கள் பாட்டன் காலத்தில் ஒருத்தரும் அளக்காமல்தான் தங்கியது.

மண்ணெடுக்க வந்த ஒரு கல்லூரிப் பெண்ணை எங்கள் ஆயா ஒருத்தர் நிறுத்திக் கேட்டார்.

"இன்னா பாப்பா, இவ்ளோ ஆழத்துல இன்னா தேடுற?"

"கார்பன், பாட்டி."

"அது இன்னா வெல போவுது?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு. வெளிநாட்டில் டன் கணக்கில் அதற்கு விலை வைத்து வாங்குகிறார்கள், கம்பெனிகள் தங்கள் புகைக்கு ஈடாகக் காட்டிக்கொள்ளும் என்று பொறுமையாகவே விளக்கினாள். ஆயா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இத்தினி வருசமா நாங்க மிதிச்சிக்கினு கெடந்தது துட்டா? அது யாருதுடி கண்ணு?" என்றார்.

அவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் எங்கள் கழியைப் பொறுத்தவரை தெரியவில்லை. கென்யாவில் பதில் இருக்கிறது. அங்கே கசி விரிகுடாவில் 'மிகோகோ பமோஜா' என்று ஒரு ஏற்பாடு. 2013-லிருந்து கிராமத்தாரே அலையாத்தியைக் காத்து, அதன் கார்பனுக்கு வரும் பணத்தை ஊர்க் குடிநீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவழிக்கிறார்கள். எங்கே செலவு செய்வது என்பதை ஊர் கூடி முடிவுசெய்கிறது. கார்பன் வியாபாரத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஒருத்தன் புகைக்க இன்னொருத்தன் காட்டைக் காவல் காக்கும் ஏற்பாடு அது. இருந்தாலும், சேறு யாருடையது என்ற கேள்வியை அவர்கள் முதலில் தீர்த்துக்கொண்டார்கள். இங்கே பாடு முறைப்படி இன்ன நாளில் இன்ன ஊருக்கு இன்ன தண்ணீர் என்று பங்கு வைத்திருந்தவர்கள் நாங்கள். அந்தப் பங்குக்கு எந்தப் பட்டாவிலும் இடமில்லை. நாளைக்கு இங்கேயும் இந்தச் சேற்றுக் கார்பனுக்கு 'நீலக் கார்பன்' திட்டமென்று ஒன்று வந்தால், அதற்குக் காவலாளி வேலைக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். அதையே சாதனை என்று பத்திரிகையில் போடுவார்கள்.

கன்று நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்ததைப் போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மொட்டையடித்த காடு. வெட்டிய இடம் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, எதை நட்டாலும் சாகிற நிலை. அவர்கள் முதலில் கன்றைத் தூக்கவில்லை, மண்வெட்டியைத் தூக்கினார்கள். மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஏத்தமும் வத்தமும் உள்ளே போய் வர வழி செய்தார்கள். தண்ணீர் போய் வந்தபிறகு மரம் வந்தது. எண்ணூரில் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். அடைப்பு அப்படியே இருக்கும், சாம்பல் அப்படியே இருக்கும், எண்ணெய் ஊறிய மண் அப்படியே இருக்கும். அதன்மேல் கன்று நடப்படும். அரசாங்கத்துக்கு வழி தெரியாமல் இல்லை. தெரிந்த வழியில் குறுக்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலை அகற்றிக் கழியைச் சீராக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. நாங்கள் கேட்டு வாங்கிய தீர்ப்பு அது. ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய், புரியாத இங்கிலீஷைப் புரிந்த முகத்தோடு கேட்டு வாங்கியது. அதை நிறைவேற்றுங்கள். கழியின் தரையில் கிடக்கிற சாம்பலை, சேறு தெரிகிறவரை எடுங்கள். 1996 வரைபடத்தைச் சட்டபூர்வமாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். மிச்சமிருக்கும் உப்பளத்தையும் சேற்றுவெளியையும் கண்டல் நடந்து வருவதற்கென்று எழுதிவையுங்கள்; 'காலி' என்று எழுதாதீர்கள். பாலங்களுக்கு அடியில் அடைத்த மண்ணைத் திறங்கள், கொசஸ்தலையின் வெள்ளம் வண்டலோடு வந்து சேரட்டும். இவ்வளவையும் செய்தபிறகு கடல் 6 மில்லிமீட்டர் வேகத்தில் ஏறி எங்கள் கண்டலை முழுக்கடித்தால், அப்போது வந்து கடலைத் திட்டுங்கள், நாங்களும் சேர்ந்து திட்டுகிறோம். அதுவரை கன்றுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வராதீர்கள். போட்டோ எடுக்க எங்கள் பெண்களைச் சாம்பலில் இறங்கி நிற்கச் சொல்லாதீர்கள்.